கொரட்டியின் மாட்டுப்பட்டி

2024 பெப்ரவரி 19, திங்கட்கிழமை காலை, நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம் கைவிட்ட தேயிலைச் சரிவில் மரியகொரட்டி என்பவர் போட்டிருந்த மாட்டுப்பட்டியை உடைக்க, தோட்ட உத்தியோகத்தர் ஷெல்டன் நான்கு ஆட்களுடன் வந்தார்.

— நான் இவ்வளவு நேரமா பேசுறது காதுல விழுதா, கொரட்டியக்கா?

— விழுது தம்பி. கறக்கிற நேரத்துல சத்தம் போட்டா கறுப்பி பால அடக்கிரும். வெரட்டுறதுன்னாலும் கொஞ்சம் மெதுவா வெரட்டுங்க.

— வெளையாட்டு இல்லக்கா. பெரிய தொரை ஓர்டர். பகலுக்குள்ள பட்டிய ஒடைக்கணும், வாழைய வெட்டணும், ஆடு மாடு கோழி ஒண்ணும் நிக்கக்கூடாது. கொழும்புலருந்து ஹோட்டல் கட்ட எடம் பாக்க வர்றாங்க. வெளங்குதா?

— எந்த எடத்த?

— இந்தச் சரிவத்தான்.

— அட மாதாவே! தேயில செத்து மானாப்புல்லு மண்டிக் கெடந்தப்ப இந்தப் பக்கம் ஒரு நாய் எட்டிப் பாக்கல. அன்னிக்கு ஒங்க தொரைக்கு இது எடமா தெரியலியாக்கும்? நில்லுடி கறுப்பி! தம்பி, அந்த வாளிய இப்படித் தள்ளுங்க.

— நான் என்னாத்துக்கு… சரி, இந்தாங்க. மழத்தண்ணி ஓடுற கானையும் அடைச்சி வச்சிருக்கீங்க. அதுவே பெரிய குத்தம்.

— பின்ன அடைக்காம? பெய்யிற மழைய மண்ணோட சேத்து ஆத்துக்கு அனுப்புது ஒங்க கான். நான் சரிவுக்குக் குறுக்கால வெட்டி, எலகொழ போட்டு ரொப்புனேன். தண்ணி நின்னுச்சு. வாழை நின்னுச்சு. வாழப்பட்ட மாட்டுக்கு, சாணி பூசணிக்கு, சாணிக்குழிப் புழு கோழிக்கு. கடைக்கு நான் உப்புக்கும் தீப்பெட்டிக்கும்தான் போறேன். பால்மா தட்டுப்பாடு வந்து பதுளையில சனம் வரிசையில நின்னு மயங்கி விழுந்துச்சே, அப்ப நம்ம லயத்துப் புள்ளைக தெனம் பால் குடிச்சிச்சு.

— நல்லதுதான்க்கா, யாரு இல்லேன்னா? ஆனா காய்கறி போட்டதோட நின்னிருக்கணும். பலாவும் பட்டர்புரூட்டும் எதுக்கு வச்சீங்க? நெரந்தர மரம் வைக்கக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?

— தெரிஞ்சிதான் வச்சேன். கத்தரிச்செடிக்கு எந்தத் தொரையும் பயப்பட மாட்டான். மரம் வச்சவ நாளைக்கு எடத்தயே கேப்பாளேன்னுதான் பயம். ஆமா, கேப்பேன்.

— இப்படிப் பேசுனா பொலிஸோட வருவாங்க.

— வரட்டும். பால் இருக்கு, தேத்தண்ணி ஊத்துறேன்.

— நா சொல்றத கேளுங்கக்கா. திரும்பத் தோட்டத்துல பேர் பதிஞ்சிக்கங்க, காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்கு வாங்க. லயத்துக்குப் பின்னால ஒரே ஒரு மாடு கட்டிக்கலாம்னு நான் தொரைகிட்ட பேசிப் பாக்குறேன்.

— வெடியங்காட்டி பெரட்டுல நின்னு நின்னு காலு வெடிச்சவ நான். இனி என்னைய பேர் சொல்லிக் கூப்புட்டு வேல வாங்குறதுன்னா இந்த ஆடு மாடுதான் கூப்புடணும். வரமாட்டேன் தம்பி. பட்டியும் ஒடையாது.

— அப்ப ஆளுகள எறக்க வேண்டியதுதான்.

— எறக்குங்க.

— இராசையாண்ணே! நாலு பேரும் மேல ஒக்காந்து என்னா செய்றீங்க? அலவாங்கு, கத்தி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு எறங்கி வாங்க!

— வர்றதுக்கு இல்ல, தம்பி.

— என்னாண்ணே சொல்றீங்க?

— அந்தக் கொட்டில்ல நெத்தி வெள்ளயா ஒரு பெட்டாடு நிக்குதில்ல, அது என்னோடது. பக்கத்துல நிக்கிற செனையாடு ரெங்கசாமியோடது. இந்த ரெண்டு பயலுக்கும் கறுப்பியில பங்கு. தன் மாடு நிக்கிற பட்டிய எவனாச்சும் ஒடைப்பானா?

— ஒங்க ஆடு எப்படிண்ணே இவங்க பட்டிக்கு வந்துச்சு?

— வாரத்துக்கு விட்டுருக்கோம். கொரட்டி வளக்கும். மொத ஈத்து அதுக்கு, ரெண்டாவது எங்களுக்கு. லயத்துல ஒத்தக் காம்பராவுல குடியிருக்கிறவன் எங்க கட்டுறது? பாதி லயம் இப்படித்தான் விட்டுருக்கு.

— எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?

— நீங்க ஸ்டாப் கோட்டர்ஸுக்குக் குடிபோன பொறகு லயத்துக் கத ஒங்ககிட்ட யாரு பேசுறா?

— சரி, ஒருத்தரும் வரவேணாம்! அந்த அலவாங்க மட்டும் கீழ போடுங்க. நானே ஒடைக்கிறேன். கொரட்டியக்கா, தள்ளி நில்லுங்க.

— ஒடைங்க தம்பி. அந்த மூலத் தூணுல இருந்து ஆரம்பிங்க. ஆனா அதுல கட்டியிருக்கிற செவலைய மொதல்ல அவுத்துருங்க. மெரண்டா கால ஒடச்சிக்கும்.

— ஏய்… ச்சூ! என்னாக்கா இது, கைய நக்குது?

— தெரிஞ்ச கையி.

— எனக்கு எப்படி… இருங்க. எடது கொம்பு மொக்க. ரோசியா இது?

— ரோசியேதான்.

— அம்மா மொனராகலை யாவாரிக்கு வித்தாச்சுன்னு சொன்னாங்களே!

— கோட்டர்ஸ்ல சாணி நாறும், வித்துருங்கன்னு சொன்னது நீங்க. அந்த மனுசிக்கு மனசு வரல. கயித்தப் புடிச்சிக்கிட்டு நேரா இங்க வந்து இந்தத் தூணுலதான் கட்டுனாங்க. பின்னால படுத்திருக்கே கன்னு, அது ரெண்டாவது ஈத்து. ஒங்க வீட்டுப் பங்கு. காலையில குடிச்சிட்டு வந்தீங்களே தேத்தண்ணி, அதுக்குப் பால் எங்கருந்துன்னு நெனச்சீங்க?

— கடப்பாலுன்னு…

— அந்தக் கடையில ஏது தம்பி பசும்பாலு? அடிக்குது பாருங்க போன். தொரையாத்தான் இருக்கும், எடுங்க.

— குட் மோர்னிங் சேர்… ஆமா சேர், பட்டியிலதான் நிக்கிறேன்… நாலு பேரும் வந்தாங்க சேர். ஒடைக்க மாட்டேன்னுட்டாங்க… இல்ல சேர், நானும் ஒடைக்கல. எங்க மாடு உள்ள நிக்குது.