குத்திட்டான் என்றால் கத்தி இல்லை

ஓடுகிறோம். இடப்பக்கம் கடல். மணல் காலை இழுக்கிறது. முன்னால் பக்கத்து வீட்டு மாலா அக்கா. இடுப்பில் சின்னவள், கைப்பிடியில் மூத்தவன். அவளுக்குப் பின்னால் நான். கடைசியாக என் அண்ணன் ஜெயந்தன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எங்கள் வீட்டில் மிஞ்சியது எல்லாம் அந்தச் சைக்கிளில்தான். வியாழக்கிழமை. இப்போதுதான் விடிந்திருக்கிறது.

டும்.

தூரத்தில், உலக்கை போட்டதுபோல ஒரு சத்தம். வன்னியில் அதற்குக் குத்து என்று பெயர். செல், அதாவது பீரங்கிக் குண்டு, புறப்பட்டுவிட்டது, இன்னும் விழவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அதற்குள் படுத்தால் பிழைக்கலாம்.

"குத்திட்டான்! பிள்ளை, படு! அக்கா, படுங்கோ!"

அண்ணன் கத்தினான். பிள்ளை என்றது என்னை. படுத்தேன். வாயெல்லாம் மணல். மேலே கூவிக்கொண்டு வந்தது. பிறகு காது அடைத்துப்போனது. தலையைத் தூக்கினேன். சைக்கிளில் இருந்த சீனிப் பை கிழிந்து கொட்டிக் கிடந்தது. அண்ணன் முன்னால் ஓடி மாலா அக்காவின் மூத்தவனைத் தரையோடு அமுக்கிப் படுக்கவைத்திருக்கிறான்; தான் படுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவன் எழும்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் கவிதை எதுவும் இல்லை.

இப்போது சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். கணவர் செல்வம் இங்கேயே பிறந்தவர், பேருந்து ஓட்டுகிறார். அவருடன் படித்தவர், வயதில் இளையவர், கதிர். பகலில் வங்கி. மற்ற நேரமெல்லாம் கவிஞர். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். போரைப் பற்றி எழுதுகிறாராம். "அண்ணி, நீங்க சும்மா பேசுங்க லா, நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றார். பேசினேன். இத்தனை வருடத்தில் முதல்முறை முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தட்டு மீகோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டார். துக்கம் அவருக்குப் பசியைக் கிளப்பும் போல.

பிறகு தேக்காவில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை. போர்க் கவிதைகள். குளிர்சாதனத்தில் எனக்குக் கால் விறைக்கிறது. ஓரத்தில் ஒருவர் புல்லாங்குழலோடு உட்கார்ந்திருக்கிறார். சாவு வரும் வரிகளில் மட்டும் ஊதுகிறார்.

ஒருவர் வாசித்தார். பனைமரங்கள் அழுதனவாம். நான் பார்த்த பனைகளுக்கு அழத் தலை இல்லை. இன்னொருவர் குருதியைச் செம்பருத்தி என்றார். அவர் மணலில் காய்ந்த இரத்தத்தைப் பார்த்ததே கிடையாது. அது கறுப்பு. ஈ மொய்க்கும். அடுத்தவர் தன்னையே அகதி என்று சொல்லிக்கொண்டார். தோ பாயோவில் அவருக்கு நாலறை வீடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கைதட்டு. போரில் இவர்கள் இழந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்கும் வடை கிடைத்தது.

கடைசியாகக் கதிர். கறுப்பு ஜிப்பா. தொண்டையைச் செருமுகிறார். வாசிக்கிறார்.

"குத்திட்டான், குத்திட்டான் என்று
நெஞ்சைப் பிடித்துச் சரிந்தான் என் அண்ணன்.
துப்பாக்கி முனைக் கத்தியில்
தொங்கியது அவன் கடைசிச் சொல்."

புல்லாங்குழல் ஊதுகிறது. முன்வரிசையில் ஓர் அம்மா கைக்குட்டையை எடுக்கிறார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. குத்திட்டான் என்றதும் இந்த மனிதர் கத்தியை நினைத்துவிட்டார். இந்த ஊர்த் தமிழில் குத்து என்றால் கத்திதானே. சரி, தெரியாது. கேட்டிருக்கலாம் இல்லையா? ஒரு போன் போதும். மீகோரெங்குக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்கத் தெரிந்தது.

எழுந்து நின்றேன்.

"தம்பி, அது கத்தி இல்லை. செல். குத்திட்டான் எண்டா செல் அடிச்சிட்டான், இனி வந்து விழப்போகுது எண்டு அர்த்தம். அண்ணா வலியில கத்தேல்லை. எங்களைப் படுக்கச் சொன்னவர். உங்கட கவிதையில அந்தப் படு எங்கை?"

கதிர் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அண்ணி, இது கவிதை லா. ஃபேக்ட்ஸ் இல்ல, ஃபீலிங்தான் முக்கியம். கத்தின்னா ஆடியன்ஸுக்கு டக்னு புரியும்."

"டேய், அவ அண்ணன்டா. மாத்திடு" என்றார் செல்வம், பக்கத்தில் இருந்து.

"புக் பிரிண்ட் ஆயிடுச்சு செல்வம். ஸ்கூல் பிள்ளைங்க ஒப்புவிக்கிற போட்டிக்கும் இதைத்தான் கொடுத்திருக்கு. வேணும்னா அடுத்த பதிப்புல கீழ ஒரு குறிப்பு போட்டுடலாம்."

நிகழ்ச்சி நடத்தியவர் மைக்கை வாங்கினார். நல்ல கலந்துரையாடல் என்றார். தேநீர் தயார் என்றார். எல்லோரும் எழுந்து போனார்கள். கைக்குட்டை அம்மா மட்டும் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "உங்க அண்ணனைக் குத்தினவன் நல்லா இருக்க மாட்டான்மா" என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும். அந்தக் கவிதை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இன்னும் தாங்கவில்லை. அண்ணனை அடக்கம் செய்யக்கூட முடியாமல் விட்டுவிட்டு ஓடினேன். அவனுக்குக் கல்லறை இல்லை, படம் இல்லை. எனக்கென்று இருந்தது அவன் கத்திய அந்த வார்த்தைகள்தான். அவற்றையும் ஜிப்பா போட்டவர் எடுத்துத் திருப்பி மாட்டிவிட்டார். இனிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் சரிந்து விழுவார்கள். பரிசும் வாங்குவார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் யாராவது ஒருவர் இதையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். புல்லாங்குழல் வேண்டாம்.

போனவை. கிணறு வைத்த வீடு. அம்மாவின் தையல் மெஷின். இரண்டு பசு, ஒரு கன்று. சைக்கிள்.

போனவர்கள். அப்பா, பங்கர்க் குழிக்குள், மூச்சடைத்து. அம்மா, மருந்து இல்லாமல். மாலா அக்காவின் கணவர், தண்ணீர் எடுக்கப் போனவர், திரும்பவில்லை. அண்ணன் ஜெயந்தன், வயது இருபத்திரண்டு. செல். கத்தி அல்ல.

அவன் சொல் கேட்டுப் படுத்தவர்கள்: மாலா அக்கா, மூத்தவன், சின்னவள், நான். நால்வரும் இன்று உயிரோடு இருக்கிறோம். கதிரின் கவிதையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அதில் நாங்கள் நால்வரும் இல்லை.