நனையாத படுக்கைகள்

இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில், ஏன், சேலத்தையும் நீலகிரியையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறேன், நடக்க முடியாதவர்களுக்காக நடத்தப்படும் இல்லங்களில் படுக்கை நனையாத ஒரே இல்லம் எங்களுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வந்து பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். நேற்று நீங்களே வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தீர்கள். ஏதாவது வாடை அடித்ததா? பினாயில்கூட அளவாகத்தான் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

காப்பியா? இருக்கட்டுங்க. இப்போதுதான் ஆச்சு.

நீங்கள் காங்கேயத்துக்காரர் என்று கான்ஸ்டபிள் சொன்னார். கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. வெளியூர் இன்ஸ்பெக்டர் என்றால் நான் சொல்வது விளங்காது. நம் பக்கத்து ஜனங்களின் குணம் தெரிந்தவருக்குத்தான் இதில் குற்றம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியும்.

என் பெயர் லட்சுமிநாராயணன். இல்லத்துக்கு மானேஜராக வருவதற்கு முன்பு மில்லில் டைம் கீப்பராக இருந்தேன். மில் முதலாளி காலமானதும் அவர் சம்சாரம் ராமாமணி அம்மா அவர் நினைவாக இந்த இல்லத்தைக் கட்டினார்கள். ஒரே ஹால், வரிசையாகக் கட்டில்கள். மில் பெல்ட்டில் கால் சிக்கியவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணறு வெட்டும்போது சரிவில் மாட்டிக்கொண்டவர்கள். எல்லோரும் வயது வந்த ஆண்கள். சொந்தக்காரர்கள் பொங்கலுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

ஆரம்பத்தில் எங்களுடையதும் மற்ற இல்லங்களைப் போலத்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத மனிதனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் ராமாமணி அம்மா காரிலிருந்து இறங்கி, வாசல்படியில் கால் வைத்தவர்கள் வைத்தபடி நின்றுவிட்டார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "என்னங்க லட்சுமிநாராயணன், எங்க ஊட்டுக்காரர் பேர இப்படி நாற வெச்சுட்டீங்களே" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சில சமயம் தோன்றுகிறது.

இருந்தது ஒரே ஆயா, நஞ்சம்மாள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, துணி தொவச்சுத் தொவச்சு சோடா உப்புல கை வெந்து போச்சுங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "வால்பாறைல எங்க அக்கா இருக்கறா. தேயில கிள்ளப் போறனுங்க."

"அங்க அட்டை கடிக்கும் நஞ்சம்மா."

"கடிக்கட்டுங்க. அட்டைக்கு இந்த வாடை இல்லீங்க."

அவளும் போய்விட்டால் துணி துவைக்க நான்தான் உட்கார வேண்டும். இன்னொரு ஆயாவை வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். கேட்டேன். "மொதல்ல இருக்கற நாத்தத்தப் போக்குங்க, பொறகு பாக்கலாம்" என்று ராமாமணி அம்மா சொல்லிவிட்டார்கள்.

வழி கிடைத்தது சோமனூரில், ஒரு கல்யாணப் பந்தியில். பெண் வீட்டார் தறிக்காரர்கள், நல்ல வசதி. பரிமாற வந்தவர்களில் மெட்ராஸில் படித்த பையன் ஒருவன் இருந்தான். லட்டுத் தாம்பாளத்தோடு வந்து "லட்டு?" என்றான். முதல் இலைக்காரர் "இருக்கட்டுங்க" என்றார். பையன் அடுத்த இலைக்குப் போனான். அவரும் "இருக்கட்டுங்க." இப்படியே வரிசை முழுக்க. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை யாராவது சரி என்பார்களா? முதல் தடவை மறுப்பது மரியாதை. இரண்டாம் தடவை இலைக்கு மேல் கையை வைத்து மறைப்பது அதைவிட மரியாதை. மூன்றாம் தடவை, "அட, ஒண்ணே ஒண்ணு வெச்சுக்குங்க" என்று பரிமாறுகிறவன் கையை விலக்கிப் போட வேண்டும். அப்புறம் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். மெட்ராஸ் பையனுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஒரு பந்தியே லட்டு இல்லாமல் எழுந்து கை கழுவப் போனது. தாம்பாளம் போகிற திசையிலேயே கண்கள் போயின. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? கேட்டானே, மறுத்தார்களே.

வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதானே. வாயில் எச்சில் ஊற, இன்னொரு தடவை கேட்பானா என்று ஏங்கிக்கொண்டு, இப்படியும் ஒரு ஜனமா என்று நினைத்தேன். பீளமேடு வருவதற்குள் சிரிப்பு நின்று யோசனை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கட்டிலுக்குக் கட்டில் இருந்த தண்ணீர்ப் பானைகளை எடுத்து ஹாலின் கோடியில் ஒரே பெரிய பானையாக வைத்தேன். தட்டிவிட்டு உடைத்துக்கொள்வார்கள் என்பது காரணம். தரையில் தவழ்ந்து போய் எடுப்பது ஆண்பிள்ளைகளுக்கு அழகில்லை என்று அதையும் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக நானே, மானேஜரே, காலையிலும் சாயங்காலமும் சொம்போடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டேன்.

"தண்ணி வேணுமுங்களா?"

"இருக்கட்டுங்க."

அடுத்த கட்டில்.

நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரையும் கேட்டேன், மரியாதையாகக் கேட்டேன், ஒரு தடவை கேட்டேன். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் உண்டு. அது போதாது என்று யாரும் சொன்னதில்லை.

அதிலும் அவர்களில் பாதிப்பேர் பண்ணைகளில் கூலிக்குப் போனவர்கள். பண்ணையார் வீட்டு வாசலில் நின்று, அவர்களாகப் பார்த்து ஊற்றும்போது கையைக் குவித்துக் குடித்துப் பழகியவர்கள். அவர்கள் போய் மானேஜர் கையிலிருக்கும் சொம்பை எட்டி வாங்குவார்களா? வளர்ப்பு அப்படி. நான் வளர்க்கவில்லை.

நான்கைந்து நாளில் துணிகள் காய்ந்தன. நஞ்சம்மாள் வால்பாறைப் பேச்சை விட்டாள். ராமாமணி அம்மா மறுபடி வந்தபோது முந்தானையை மூக்குக்குப் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். ஹாலின் நடுவில் வந்ததும் கீழே விட்டார்கள். "மருந்து கிருந்து தெளிச்சீங்களா?" என்றார்கள். "இல்லீங்கம்மா, கவனிப்புதானுங்க" என்றேன். மற்ற இல்லத்துக்காரர்கள் ரகசியம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குழாயிலிருந்து சிறுவாணித் தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன். இப்படி ருசியான தண்ணீர் எங்கேயும் கிடையாது என்று குடித்துவிட்டுப் போவார்கள். குடிக்கும்போது ஹாலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். விருந்தாளியைப் பார்க்க ஆசை என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பிறகுதான் தாஜுன்னிசா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண், நர்ஸ் வேலை படித்தவள். ராமாமணி அம்மாவே அனுப்பினார்கள். வந்த இரண்டாம் நாளே படுக்கைகள் நனைந்தன. மறைந்து நின்று பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து, "சும்மா குடிங்க அண்ணே. அட, குடிங்கன்னா. நான் ஊத்தறேன், வாயத் திறங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு ஒரு சொம்பு குடித்தார்கள். ஐயாசாமி என்று ஒரு பெரியவர், குடித்து முடித்து அழுதார்.

கூப்பிட்டுக் கேட்டேன். "வேண்டாம்னு சொல்றவங்க வாயில ஏம்மா ஊத்தறே?"

"வேண்டாம்னு யார் சார் சொன்னாங்க? இருக்கட்டும்னுதானே சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? நான் உங்க வீட்டுக்கு வந்தா எத்தன தடவ கேப்பீங்க?"

"நீ எங்க வீட்டுக்கு வரப்போறதில்லை" என்றேன். அந்த வார முடிவில் அவளை அனுப்பிவிட்டேன். கண்டிப்பு இல்லாத பெண், இல்லத்துக்கு ஒத்துவராது என்று ராமாமணி அம்மாவிடம் சொன்னேன். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள் மேல் வருத்தமில்லை.

அங்கப்பனுக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அங்கப்பன் பல்லடம் பக்கம் கிணறு வெட்டியவன். மண் சரிந்து இடுப்பு நொறுங்கியது. வாய்த் துடுக்கு அதிகம், ஹாலே அவனால் சிரிக்கும். பங்குனி கடைசியில் நல்ல வெயில். தகரக் கூரையடியில் நின்று சொம்போடு கேட்டேன். அவன் "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில் மாசாணத்தைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தவன்டா நானு. எனக்குத் தண்ணி அடுத்த கட்டிலுக்குப் போயிருதுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அப்போதே அவனுக்குக் காய்ச்சல் இருந்தது. உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். இல்லை, சரியாகவே சொல்லிவிடுகிறேன்: வெயில் என்று நினைத்துக்கொள்ள முடிவு செய்தேன். ஏனென்றால் மறுநாள் சாயங்காலம் ராமாமணி அம்மா பெரிய மனிதர்களை அழைத்து வருவதாக இருந்தது. இல்லத்தைப் பெரிதாக்கி, பெண்களுக்கும் ஒரு ஹால் கட்டுவதாகப் பேச்சு. புதுத் துணி விரித்திருந்தோம்.

அம்மா வரவேண்டிய அன்று மத்தியானம் அங்கப்பன் என்னைக் கூப்பிட்டான். எங்கள் ஹாலில் யாரும் செய்யாத காரியம் செய்தான். "மானேஜருங்க, எனக்குத் தண்ணி வேணுமுங்க" என்று வாய்விட்டுக் கேட்டான்.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கேட்கிறவனுக்கு என்ன செய்வது என்று நான் ஏற்பாடு வைத்திருக்கவில்லை.

"காலைலதானே கேட்டேன் அங்கப்பா. இருக்கட்டுங்கன்னு நீதானே சொன்னே?"

"சொன்னனுங்க."

"அம்மா வந்துட்டுப் போகட்டும். பொறகு பாக்கலாம்."

அவன் தலையை அசைத்தான். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா வந்தார்கள். கூட வந்தவர்களுக்கு இளநீர் வெட்டி ஹாலிலேயே கொடுத்தோம். அம்மா அங்கப்பன் கட்டிலருகில் நின்று, புதுத் துணியைத் தடவிப் பார்த்து, "ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். இல்லத்தைக் கட்டிக்கொடுத்த புண்ணியவதி, தங்க வளையல் போட்ட கையால் அவன் படுக்கையைத் தொட்டுக்கொண்டு கேட்கிறார்கள்.

"ஒரு கொறையும் இல்லீங்கம்மா. இருக்கட்டுங்க" என்றான்.

அம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். பெண்கள் ஹாலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பாக்கி எல்லாம் மறந்துவிட்டது. மறக்கவில்லை. வீட்டுக்குப் புறப்படும்போது பானையைக் கடந்துதான் போனேன். புதுத் துணி நாளைக்கும் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

காலையில் வந்தபோது அங்கப்பன் படுக்கை தலைமாட்டில் நனைந்திருந்தது. மாசாணத்துக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை. அவன் தடையை மீறித் தவழ்ந்து போய், துண்டைப் பானையில் நனைத்து, பல்லில் கடித்துக்கொண்டு வந்து அங்கப்பன் வாயில் பிழிந்திருக்கிறான். தரையெல்லாம் ஈரத் தடம். மாசாணம் துண்டைப் பிடித்தபடி கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"யாரைக் கேட்டுடா படுக்கைய நனைச்சே?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அங்கப்பன் முகத்தைப் பார்த்தேன்.

மாசாணம் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள எறங்கலீங்க. எல்லாம் வெளிய வந்துருச்சுங்க."

உடம்பில் நீரே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். சிறுவாணிக் குழாய் இருக்கும் கட்டடத்தில் இது எப்படி என்று நீங்கள் கேட்டீர்கள். மறுபடி மறுபடி கேட்டால் குடிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்றும் கேட்டீர்கள். தெரியும். கோயமுத்தூரில் பிறந்த எவனுக்குத் தெரியாது? தெரிந்ததால்தான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அங்கப்பனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேட்காமல் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்டேன்.

இதில் என் பங்கு எவ்வளவு, அவர்கள் பங்கு எவ்வளவு என்று நீங்கள் நியாயமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேண்டும் என்பதை வேண்டும் என்று சொல்லத் தெரியாத ஜனத்தை வைத்துக்கொண்டு எந்த மானேஜர் என்ன செய்ய முடியும்? நாக்கு ஒட்டிக்கொள்கிறது, மன்னிக்க வேண்டும். விடியற்காலையில் உங்கள் ஆட்கள் அழைத்து வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. காப்பி ஆச்சு என்றது ஒரு பேச்சுக்குத்தான்.

இப்போது கூஜாவைத் திறந்து டம்ளரில் ஊற்றினீர்கள். சிறுவாணித் தண்ணீர், பார்த்தாலே தெரிகிறது. "தண்ணி வேணுமுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டீர்கள்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

நீங்கள் சரி என்று தலையசைத்து, டம்ளரை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். எழுதுங்கள், அவசரமில்லை. நீங்கள் காங்கேயத்துக்காரர். இன்னொரு தடவை கேட்பீர்கள்.