மறதிக்கார ஆடு

முதலில் எனக்கு இருந்த கவலையெல்லாம் ஆட்டின் காதைப் பற்றித்தான். நான் வரைந்தால் கழுதைக் காதாகவே வந்தது.

நைரோபியில் எங்கள் நிறுவனம் செய்த கணக்குச் செயலியில் குழந்தை பாடம் படிக்காது. ஓர் ஆட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும். அரையும் காலும் முக்கால் என்று ஆட்டுக்கு விளக்க வேண்டுமானால் முதலில் தனக்குப் புரிந்திருக்க வேண்டும். யோசனை என்னுடையது. நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சிக்கல். கற்று முடித்ததும் ஆடு தலையாட்டிவிட்டுப் போய்விடும். குழந்தையும் போய்விடும்.

"கெண்டி, படிச்சு முடிச்சவன் எவன்மா நமக்குக் காசு தருவான்?" என்றார் முதலாளி கிப்லகட். "உன் சம்பளத்தை அந்த ஆடு குடுக்குமா?"

நான் கூட்டங்களில் பேசுவதில்லை. என் இடத்துக்குப் போய் ஆட்டுக்கு மறதியை எழுதினேன். பொழுது விடிந்தால் முந்தைய நாள் பாடம் அதற்கு நினைவிருக்காது. செயலியில் காசு கட்டி நினைவுப் புல் வாங்கிப் போட்டால் கொஞ்சம் இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது குழந்தைக்கும் நல்லதுதானே.

அலுவலக வாசலில் சப்பாத்தியும் பீன்ஸும் விற்கும் நஃபுலாவிடம்தான் மதியம் சாப்பிடுவேன். அவள் மகள் நெகேசா அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் போனில் ஆட்டைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

"மண்டு, நேத்துதானே சொன்னேன். சப்பாத்தியை நாலாக் கிழிச்சா ஒரு துண்டு கால். உனக்கு வாய்க்குள்ள போனாத்தான் புரியுமா?"

"நிஜ ஆடா இருந்தா இந்நேரம் சுட்டுத் தின்னிருப்பேன்," என்பாள் நஃபுலா.

நெகேசா சொல்லிக்கொடுப்பதெல்லாம் என் திரையில் தெரியும். ஒன்றுகூடத் தப்பில்லை. அவ்வளவு தெளிவாக எனக்கே வராது.

ஒரு நாள் அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"பின்பெஞ்சுப் பிள்ளைங்களுக்குப் பின்னம் சொல்லிக்குடுன்னு டீச்சர் இவளைத்தான் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் நஃபுலா. "மாட்டேன்னுட்டாளாம். நீயே கேளும்மா."

"எனக்கு வராதுக்கா," என்றாள் நெகேசா. "என் ஆடே கத்துக்கல. அதுங்களையும் கெடுத்துடுவேன். இனிமே கணக்கே வேணாம்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "உங்க போன்ல இருக்கற ஆடு கத்துக்கிச்சா?"

ஆட்டுக்கு எல்லாம் தெரியும், மறக்கச் சொன்னது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். யோசித்தேன். சொன்னால் அன்றே செயலியை அழித்துவிடுவாள். ஆடு இல்லாமல் அந்தக் குழந்தை எப்படிப் படிக்கும்?

"கத்துக்கிச்சே," என்றேன்.

"எப்படிக்கா?"

"பெரிய கட்டுப் புல்லா வாங்கிப் போட்டேன்."

நஃபுலா ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பெரிய கட்டு முந்நூறு ஷில்லிங். அன்றைய வியாபாரமே அவ்வளவுதான் இருக்கும். அவள் பணத்தை அனுப்பினாள்.

மறுநாள் காலையும் ஆடு பாதியை மறந்திருந்தது. நெகேசா அதைத் திட்டவில்லை. "மன்னிச்சுக்கோ, நான்தான் சரியாச் சொல்லல," என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி அரையிலிருந்து ஆரம்பித்தாள்.

பாருங்கள், அவள் விட்டுவிடவில்லை. ஒரு குழந்தைக்கு விடாமுயற்சியைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதற்கு நாங்கள் தனியாகக் காசு வாங்கவில்லை.