விண்ணரசிக்கு நடவு இருக்காம்

— கொசுவத்தை விடுக்கா, நானே வச்சுக்கறேன். நீ வர்றியா, மாட்டியா? அதைச் சொல்லு.

— ஆடாம நில்லு ஜாய்ஸ். ஐதராபாத்துல நெல்லு ஆராய்ச்சி பண்றாளாம், ஒரு சேலை கட்டத் தெரியல…

— பேச்சை மாத்தாத. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல என்னை மேடையேத்தறாங்க. முன்வரிசையில உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். ‘எங்கக்கா விண்ணரசி வருவாங்க’ன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு.

— என்னைக் கேக்காம யாரு சொல்லச் சொன்னா? இன்னிக்குக் குத்தாலத்துக்கு வடக்கால நடவு பேசியிருக்கோம். கோஷ்டியில ஒரு ஆள் கொறைஞ்சா என் பங்கை மத்தவளுங்க நடணும். கத்துவாளுங்க.

— ஒரே ஒரு நாளுக்கா…

— நீ என்ன பேசப் போற? முதல்ல அதைச் சொல்லு.

— தலைப்பை அவங்களே குடுத்துட்டாங்க. ‘விஞ்ஞானிகள் பள்ளிப் பருவத்தில் எப்படி உழைத்தார்கள்.’ தெருவிளக்குல படிச்சாங்க, ஆத்தை நீந்திப் பள்ளிக்கூடம் போனாங்கன்னு சொல்லணுமாம். புள்ளைங்க கேட்டு உருகணுமாம்.

— நல்லாத்தானே இருக்கு.

— எரிச்சலா வருது. நான் எங்க தெருவிளக்குல படிச்சேன்? நம்ம வீட்டுல பல்பு இருந்துச்சு.

— அழுதுவடியற பல்பு.

— எரிஞ்சுதுல்ல? வெளிச்சம் இருந்தா உனக்குத் தூக்கம் வராது. எனக்காகத் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்ப. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— ஞாபகம் ஜாஸ்திதான் உனக்கு.

— உழைச்சது நான் இல்லக்கா. நான் உக்காந்து படிச்சேன், அவ்வளவுதான். அம்மாவுக்கு இடுப்பு போனப்ப, கோஷ்டியில அவங்க எடத்துக்கு நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆள் வந்தே ஆகணும்னாங்க. நீ பத்தாவது பாதியில பையைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு வயலுக்குப் போன. பள்ளிக்கூடத்துச் சுவத்துல விஞ்ஞானிங்க படமா மாட்டியிருக்காங்களே… அவங்க வீட்டுலயும் இப்படி எவளாவது குனிஞ்சிருப்பா. அவ படம் எங்கன்னு மேடையிலயே கேக்கப் போறேன்.

— மாதாவே! அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டாங்க.

— கூப்பிட வேணாம். நீ எதிர்ல உக்காந்திருந்தா போதும். உன்னைப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சே வரும்.

— உக்காந்து படிக்கறதும் வேலைதாண்டி. குண்டி தேய உக்காந்த நீ. பாவாடையில அந்த எடத்துல ஒட்டுப் போட்டதே நான்தான்.

— அக்கா! ஜன்னல் தொறந்திருக்கு…

— தொறந்திருந்தா என்ன? டாக்டரம்மாவுக்கு மட்டும் குண்டி கிடையாதா? சரி… ஒண்ணு கேக்கறேன். அவங்கல்லாம்… அதான் உன் விஞ்ஞானிங்க… படிச்சது மறந்துபோச்சுன்னா என்ன பண்ணுவாங்க?

— மறுபடி படிப்பாங்க. ஏன்?

— சும்மாத்தான். கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ்தானே போடுவாங்க?

— ஆமா, குழிலென்ஸ். அது எதுக்கு இப்ப?

— உங்க மாமாவுக்குக் கண்ணு சரியில்ல. தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியுதாம்.

— மாமாவுக்கா? நேத்து நான் பஸ்ஸை விட்டு எறங்கறப்பவே வாசல்லேருந்து கையாட்டினாரே!

— அது… மச்சினிங்கற பாசத்துல தெரிஞ்சிருக்கும். திரும்பு, முந்தானையைக் குத்தணும்.

— உனக்குப் பள்ளிக்கூடம் போகணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுல்ல?

— ஆசை என்ன ஆசை… பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வயல்ல நடறப்ப, உள்ள எல்லாரும் சேந்து பாடம் சொல்றது கேக்கும். நானும் வாய்க்குள்ளயே சொல்லுவேன். ஆனா நடறவ முன்னால போக முடியாதுல்ல, பின்னாடியே நகரணும். நகர நகரச் சத்தம் தேஞ்சுக்கிட்டே போகும். கடைசி வரப்பு காலுல தட்டறப்ப, அவங்க என்ன சொல்றாங்கன்னே புரியாது. அது ஒண்ணுதான் இன்னமும்… விடு. அந்த ஊக்கைக் குடு.

— இதை ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?

— நீ கேட்டியா?

— வந்து உக்காருக்கா. கெஞ்சிக் கேக்கறேன்.

— நடவு இருக்குன்னு எத்தனை தடவைடி சொல்றது?

— பொய் சொல்லாத. காலையில பால் வாங்கப் போறப்ப உங்க கோஷ்டிக்கு ஆள் சேக்கற வீரையன் அண்ணனைப் பாத்தேன். உங்க நடவு நேத்தே முடிஞ்சிடுச்சாம். இன்னிக்குக் கோஷ்டியில ஒருத்தருக்கும் வேலை இல்லியாம். நீயாச் சொல்லுவேன்னுதான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

— அசையாத, ஊக்கு குத்திடும்.

— என்மேல கோவமா? நீ உக்கார வேண்டிய எடத்துல நான் உக்காந்துட்டேன்னு? நான் மேடையில நிக்கறதைப் பாக்கப் பிடிக்கலையா? எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. இப்படி நடவு, கோஷ்டின்னு கதை விடாத.

— பைத்தியம். உன்னைப் பாக்கறதுக்கு எனக்குப் பிடிக்காமப் போகுமா?

— அப்ப எங்கதான் போற? தங்கச்சி பேசறதைக் கேக்கறதை விட அப்படி என்ன பெரிய வேலை உனக்கு?

— கத்தாத… அழுதா மையெல்லாம் வழியும். மாயவரத்துல எனக்குப் பத்து மணிக்குப் பரீட்சைடி. நீ மேடையில உக்கார்ற நேரத்துல நானும் ஒரு பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஏப்ரல்லயே பத்தாவது தனியா எழுதினேன்… தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சமூகம் எல்லாத்துலயும் பாஸ். அறிவியல் மட்டும் போயிடுச்சு, அதைத்தான் இன்னிக்கு மறுபடி எழுதறேன். விஞ்ஞானியோட அக்கா அறிவியல்ல ஃபெயில்னு உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?