பின்பக்கம் பார்த்த பெருந்தகைக்கு

படங்களின் புறமுதுகு கண்ட வீரரே! பிரதி மறுத்த பெம்மானே! எங்கள் படப்பிரதிக் கடையின் கல்லாவைக் காயவிட்டுக் கண்ணியத்துக்கு நீர் வார்த்த முன்மேசைக் காவலரே! வணக்கம்!

எவர் எந்தப் படத்தை நீட்டினாலும் முகத்தைப் பார்க்குமுன் முதுகைப் பார்ப்பது தங்கள் வழக்கம். மணமகள் சிரிக்கிறாளா, குழந்தை அழுகிறதா என்பதெல்லாம் தங்களுக்கு ஒரு பொருட்டல்ல. பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால், “எடுத்தவர் சம்மதம் வாங்கிட்டு வாங்க” என்று புன்னகையோடு திருப்பித் தந்து, எதிர்க்கடைக்கு நல்லதொரு வாடிக்கையாளரை அனுப்பி வைப்பீர்கள். எதிர்க்கடை மாடி கட்டியதில் தங்கள் பங்கு மகத்தானது என்று நம் முதலாளி பல்லைக் கடித்தபடி நெகிழ்வதுண்டு.

தங்கள் மாமனாரே குடும்பப் படத்தோடு வந்து நின்ற நாளை மறப்போமா! சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பிரதி கேட்டார். தாங்கள் புரட்டினீர்கள். முத்திரை இருந்தது.

“மாப்பிள்ளை, நடுவுல உக்காந்திருக்கறது நான்தானே?”

“மூஞ்சி உங்களுதுதான் மாமா. படம் எடுத்தவரோடது.”

“அப்போ என் மூஞ்சிய அவர் வீட்டுலயே வச்சுக்கச் சொல்லுங்க!” என்று போனவர் நெடுங்காலம் தங்களோடு பேசவில்லை, வீடு மிக அமைதியாக இருந்ததாகக் கேள்வி.

ஆயினும் ஐயா, எங்களை அரித்த ஐயம் ஒன்றுண்டு. தாங்கள் எந்தப் படத்தின் முன்பக்கத்தையாவது பார்த்ததுண்டா? முன்பின் தெரியாத எவரோ எடுத்த படத்துக்கு இத்தனை காவல் ஏன்?

தங்கள் பணி ஓய்வு விழாவில் அளிக்கும் இம்மடலின் தலையில் தங்கள் திருவுருவம் வேண்டுமே என்று துணைவியாரைக் கேட்டோம். “அவரு சிரிச்ச படம் இது ஒண்ணுதாங்க” என்று அதே குடும்பப் படத்தைத் தந்தார். இயந்திரத்தில் வைக்கப்போன எங்கள் கை, தங்களோடு பழகிய தோஷத்தால், அதைப் புரட்டிவிட்டது. முத்திரை! “அவரு படத்த அவருக்கே குடுக்கவும் கேக்கணுமா?” என்று முதலாளி அலறினார். கேளாமல் போட்டால் மேடையிலேயே மடலைத் திருப்பித் தந்துவிடுவீர்கள். போடாவிட்டால் மடல் மொட்டையாக நிற்கும்.

தேடிப் போனோம். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவர். அவரிடம் விசாரித்து, மகள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த புகைப்படக்காரரைப் பிடித்தோம். அவர் கையிலிருந்த சட்டை நழுவியது.

“என் படத்துக்கு என்னையவா கேக்க வந்தீங்க? இதுவரைக்கும் ஒருத்தர் வந்ததில்லையே!”

தாங்கள் அனுப்பியவர் எவரும் அவரிடம் போகவேயில்லை, ஐயா. அத்தனை பேரும் எதிர்க்கடைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “பேரெல்லாம் தெரியலங்க. ஆனா மேகம் விலகட்டும்னு எல்லாரையும் காக்க வச்சது ஞாபகமிருக்கு. நடுவுல இருக்கறவரு கத்திக்கிட்டே இருந்தாரு. ஓரத்துல நிக்கறாரே, இவரு மட்டும்தான் என்கூடச் சேர்ந்து வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு.”

எங்கள் ஐயம் தீர்ந்தது.

மனமுவந்து சம்மதித்தார். ஒரே நிபந்தனை: வெட்டக் கூடாது. ஆகவே, மடலின் தலையில் தங்கள் மாமனார் கம்பீரமாக வீற்றிருக்கிறார். தாங்கள் ஓரத்தில், அரைத் தோளோடு, சிரிக்கிறீர்கள்.

நோயின்றி, நிறைவாக, நீடு வாழ்க! கைக்கு வந்ததும் இதைத் திருப்புவீர்கள் என்று அறிவோம். பின்னால் அவருடைய முத்திரையும் புதுக் கையொப்பமும் இருக்கின்றன. சரிபார்த்த பிறகு, அருள்கூர்ந்து, முன்பக்கம் தெரியும்படி மாட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
எதிர்க்கடைக்குப் போகாத
தங்கள் கடை ஊழியர்கள்