வாசலில் சுவர் எழுப்பியவர்கள்

மாலை ஆறரை. அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் ஊரைத் தாண்டி, இருபக்கமும் மரங்களைத் தவிர வேறொன்றுமில்லாத சாலை. சேனாபதி தனியாகக் காரில் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து... பயந்துகொண்டே.

என் சிநேகிதி ஸ்வர்ணாவுக்கு அக்கா புருஷன் இந்தச் சேனாபதி. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

1994 அக்டோபர். சூரத்தில் பிளேக் என்று டிவி முழுக்க அதே பேச்சு. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி நாகலக்ஷ்மி ஊருக்குப் போய்விட்டு, பம்பாய் வழியாக வந்து இறங்கினாள். நான்காம் நாள் காய்ச்சல்.

அவள் சரித்திர ஆராய்ச்சி மாணவி. அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக்தான் அவள் பாடம். கப்பலில் வந்த எலி, எலியிலிருந்து மனிதர்மேல் தாவிய தெள்ளுப்பூச்சி, பிள்ளைகளை விட்டு ஓடிய பெற்றவர்கள்... சாப்பிடும்போதெல்லாம் அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். இத்தாலியில் ஒரு நகரத்தில், நோய் வந்த வீட்டின் வாசலைச் செங்கல் வைத்தே அடைத்துவிட்டார்களாம். நன்றாக இருந்தவர்களும், குழந்தைகளும் உள்ளேயேதான்.

டாக்டர், பிளேக் மாதிரி தெரியவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். சேனாபதியால் காத்திருக்க முடியவில்லை. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"குழந்தைக்காகத்தான் நாகு. ரிசல்ட் வந்ததும் வந்துடறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டாம் நாள் போன் செய்தாள்.

"நம்ம வாசல்ல யாருங்க வேலை பண்றது?"

"என்ன வேலை?"

"நீங்களே கேளுங்க."

சரக்... சரக்... சாந்தை வழிக்கிற சத்தம். பிறகு, டொக். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்.

"ஜுரத்துல உளர்றே. தூங்கு," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முடிவு வந்தது. மலேரியா. உடனே வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அந்த ஆறரை மணிப் பயணம்.

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் மோதினார். ஈரச் சுண்ணாம்பு வாடை குப்பென்று அடித்தது. நான்காவது மோதலில் ஏதோ சரிந்து விழுகிற சத்தம்... கதவு திறந்துகொண்டது. கீழே ஒரு கல் இல்லை. தூசிகூட இல்லை.

மாடியில், கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"கதவைத் திறந்துட்டீங்களா?"

"திறந்துட்டேம்மா."

"அப்ப என்கூட உள்ள அடைபட்டவங்க போயிடுவாங்க."

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்துக்கொண்டாள். ஏன் விட்டுப் போனீர்கள் என்று அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆராய்ச்சியை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஆனால் அவளைத் தூக்கப் போர்வையை விலக்கியபோது பார்த்ததைச் சேனாபதி டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில், மெத்தையில் ஆள் படுத்திருந்த மாதிரி மூன்று பள்ளங்கள். ஒன்று பெரியது. இரண்டு சின்னவை.

கை வைத்துப் பார்த்தாராம்... அனலாகக் கொதித்தது.