கேள்விக்குறியை அழித்தவள்

சாயங்காலம் நாலரை மணி. டிசம்பர். நம் ஷெஃபீல்டில் அந்த மாதம் நாலரைக்கே கும்மிருட்டு. ஆற்றோரச் சாலை... இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் எஃகு ஆலைகள். பெரில் தனியாக நடந்து போகிறாள். கைப்பையில் ஒரு போட்டோ.

பெரில் என் சிநேகிதன் வால்ட்டருடைய மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. கென், அந்தக் கதவைச் சாத்து. குளிருகிறது.

நீங்கள் எல்லாம் இந்த வரலாற்றுக் குழுவில் சேர்வதற்கு முந்திய சங்கதி. அப்போதும் இதே வழக்கம்தான். நூலகத்து மாடியில் கூடுவோம். வீட்டில் கிடக்கும் பழைய படங்களை ஆளுக்கொன்று கொண்டுவருவோம். யார் யார் என்று பார்த்து, படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுவோம். இரண்டு பேராவது அடையாளம் சொன்னால்தான் பெயர். இல்லாவிட்டால் கேள்விக்குறி. அது கண்டிப்பு.

அன்றைக்கு வந்த படத்தில் பதினோரு பெண்கள். கரண்டிகளுக்கு மெருகேற்றும் பட்டறை வாசலில் நிற்கிறார்கள். எண்ணெயும் மணலும் தெறிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் காலில் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள், தெரியுமில்லையா... அந்தக் கோலம். பத்துப் பேருக்குப் பெயர் கிடைத்தது. ஓரத்தில் நின்ற பதினோராவது பெண்ணை ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்விக்குறி போட்டோம்.

பெரில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஹில்டாவுக்கு எண்பத்தாறு வயது, முதியோர் இல்லத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவருடைய அக்கா நோரா இப்படி ஒரு பட்டறையில்தான் வேலை செய்தாள். யுத்தத்தில், நாற்பதாம் வருஷக் குண்டுவீச்சில் போனாள். உடம்பு கிடைக்கவில்லை. வீடும் எரிந்துபோனதால் ஒரு படம்கூட மிச்சமில்லை. கண்ணை மூடுவதற்குள் அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்... ஹில்டாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"ரப்பர் இருந்தா குடு," என்றாள் பெரில்.

"எதுக்கு?"

"குடேன்யா. ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறே."

கொடுத்தேன். பாவி, நான்தான் கொடுத்தேன். கேள்விக்குறியை அழித்தாள். 'நோரா' என்று எழுதினாள்.

"உறுதியாத் தெரியுமா உனக்கு?"

"அம்மா பார்த்துச் சந்தோஷப்பட்டா சரி. யாருக்கு என்ன நஷ்டம்?"

படத்தை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குக் கிளம்பிவிட்டாள். அப்படித்தான் அந்தச் சாலையில் போனாள்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்... பின்பக்கம் ஒரு சத்தம். சரக்... சரக்... சரக்... விறைத்த காகிதம் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நடந்தாள். சரக்... சரக்... கூடவே வருகிறது.

என்ன டோரீன், சிரிப்பு? காற்றில் பறந்த குப்பையா? காற்றே இல்லையம்மா அன்றைக்கு. தூறல் மட்டும்தான்.

பெரில் வேகமாக நடந்தாள். அதுவும் வேகம் பிடித்தது. காய்ந்த எண்ணெயும் சுட்ட மணலும் கலந்த வாடை... மூக்கில் ஏறியது. சத்தம் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளைத் தாண்டி முன்னால் போயிற்று. அவசர அவசரமாக. மேட்டில் ஏறி, இல்லம் இருக்கிற பக்கமாகப் போய் ஓய்ந்தது.

இல்லத்து வாசலில் வழக்கமாக இருக்கும் பணிப்பெண் டென்டாய் சிரித்தாள். "வாங்க பெரில். உங்க பெரியம்மா இப்பதான் மேல போனாங்க."

"எந்தப் பெரியம்மா?"

"வருகைப் புத்தகத்துல எழுதியிருக்காங்களே, நோரான்னு. ஹில்டாவோட அக்காவாம். என்னைவிடச் சின்னப் பொண்ணா இருக்கு! கிண்டல் பண்ணுதுன்னு நெனச்சேன்."

பெரில் படியேறி ஓடினாள். அறையில் அம்மா மட்டும்தான். கட்டில் பக்கத்து நாற்காலியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

"யாருடி அவ?" என்று கேட்டார் ஹில்டா. "நோராங்கிறா. என் அக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீ நோரா இல்லடின்னேன். அதுக்கு, 'உன் மக எனக்கு அந்தப் பேரக் குடுத்துட்டா'ங்கிறா. என்னடி பண்ணித் தொலைச்சே?"

பெரில் படத்தை எடுத்தாள். எச்சிலைத் தொட்டு விரலால் தேய்த்தாள். பெயர் போகவில்லை. பென்சிலால் எழுதியதுதான்... போகவே இல்லை.

"அவ எங்கம்மா இப்ப?"

"இங்கதான் எங்கேயோ இருக்கா. காகிதச் சத்தம் கேக்குது பாரு."

டென்டாயைக் கூப்பிடலாம் என்று பெரில் கீழே ஓடினாள்.

"நல்லவேளை வந்தீங்க," என்றாள் டென்டாய். "இப்ப இன்னொரு பொண்ணு வந்துச்சு. அதுவும் நோராவாம். அந்தப் பேர்ல ஒருத்தங்க ஏற்கெனவே உள்ள இருக்காங்களே, நீங்க யாருன்னு கேட்டேன். பாவம், பதில் சொல்லத் தெரியல அதுக்கு. மழையில திரும்பிப் போயிருச்சு."

"முகம்... முகம் எப்படி இருந்துச்சு?"

"அப்படியே உங்கம்மா ஜாடை. அந்த மூக்கு, அந்தத் தாடை... அதான் உள்ள விட்டுரலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

பெரில் வெளியே ஓடினாள். மழை. சாலையின் இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டமே இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். "நோரா! நோரா பெரியம்மா!"

இருட்டிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

மேலே, அம்மாவின் அறை ஜன்னலிலிருந்துதான் வந்தது. இளம்பெண் குரல். சந்தோஷமான குரல்.

"இதோ, இங்கதான் இருக்கேன்."